கடலை மறைக்காத துறைமுகம்

டோக்கியோ விரிகுடாவின் மேற்குக் கரையில், தலைநகருக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது யோகோஹாமா. டோக்கியோவுக்கு அடுத்தபடியாக ஜப்பானில் அதிக மக்கள் வாழும் நகரம். அதன் பழைய கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு செல்லும் கப்பல்துறைக்கு ஓசன்பாஷி என்று பெயர். 1894இல் இரும்புக் கால்களின்மேல் கட்டி முடிக்கப்பட்ட துறை அது. ஜப்பானை விட்டுப் போனவர்களிலும் ஜப்பானைத் தேடி வந்தவர்களிலும் எத்தனையோ தலைமுறையினர் அதன் வழியாக நடந்திருக்கிறார்கள். 2002 முதல் அங்கே இருக்கும் பயணிகள் முனையம், இந்த நூற்றாண்டின் கட்டடக்கலை பற்றிய பேச்சில் தவறாமல் இடம்பெறுகிறது. சுமார் 430 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். உயரமோ 15 மீட்டர்தான். கரையில் நிற்பவர்களின் பார்வையிலிருந்து கடலைக் கட்டடம் பறித்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு தாழ்வாகக் கட்டினார்கள்.

ஒதுக்குப்புறமாக ஒரு மீனவக் கிராமம்

1853இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி மேத்யூ பெர்ரி நான்கு போர்க்கப்பல்களுடன் விரிகுடாவின் வாயிலில் வந்து நின்றார். அதுவரை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, நாகசாகியில் டச்சுக்காரர்களுக்கு விட்டிருந்த குறுகிய வழியைத் தவிர, மேற்கத்திய வணிகத்துக்கு ஜப்பான் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. மறு ஆண்டு மார்ச்சில் யோகோஹாமா கரையில் முதல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1858இல் ஐந்து நாடுகளுடன் வணிக ஒப்பந்தங்கள் ஏற்பட்டன.

ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட துறைமுகம் யோகோஹாமா அல்ல, கனகாவா. எதோவையும் (இன்றைய டோக்கியோ) கியோத்தோவையும் இணைக்கும் தோகாய்தோ நெடுஞ்சாலையில் இருந்த ஊர் அது. பிரபுக்களின் பரிவாரங்கள் போய்வரும் சாலையில் வாள் ஏந்திய சாமுராய்களும் வெளிநாட்டு வணிகர்களும் எதிர்ப்பட்டால் என்ன ஆகும் என்று அன்று நாட்டை ஆண்ட ஷோகன் அரசு அஞ்சியது. எனவே சாலையிலிருந்து விலகி, சதுப்பு நிலத்தாலும் நீராலும் சூழப்பட்டிருந்த யோகோஹாமா என்ற மீனவக் கிராமத்தில் துறையை அமைத்து, 1859இல் திறந்தும்விட்டது. ஒப்பந்த மீறல் என்று தூதர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வணிகர்களுக்கோ அங்கிருந்த ஆழமான கடல் பிடித்துப்போனது. கடை கட்டிக் குடியேறினார்கள். அவர்களுடைய குடியிருப்புக்கு வெளியே பாலங்களில் காவல் வாயில்கள் போடப்பட்டன. அந்நியரை ஒதுக்கி வைப்பதற்காக எழுந்த ஊர் சில ஆண்டுகளுக்குள் ஜப்பானின் முதல் வாசலாகிவிட்டது. 1872இல் நாட்டின் முதல் ரயில் பாதை டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து போடப்பட்டதும் இந்த ஊருக்குத்தான்.

ஊரை வளர்த்தது பட்டு. உள்நாட்டு மலைப்பகுதிகளில் நூற்ற கச்சாப் பட்டு யோகோஹாமா வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. பட்டு வாங்க வந்தவர்களில் இந்திய வணிகர்களும் இருந்தார்கள். சிந்தி வணிகக் குடும்பங்கள் இங்கே கடை விரித்தன.

வணிகம் பெருகிய பிறகும் பெரிய கப்பல்கள் கரையை அணைய இடமில்லை. அவை நடுக்கடலில் நங்கூரமிடும். ஆட்களும் சரக்கும் படகுகளில் கரைசேர வேண்டும். மதராசில் துறைமுகம் வருவதற்கு முன் மசூலாப் படகுகள் செய்துவந்த வேலை இங்கேயும் நடந்தது. அலையின் வேகத்திலிருந்து படகுகளைக் காக்க ஒரு கல்சுவர் கட்டப்பட்டது. 1866இன் பெருந்தீக்குப் பிறகு அதை வளைத்துக் கட்டினார்கள். அந்த வளைவைப் பார்த்த ஊர்மக்கள் அதற்கு வைத்த பெயர், யானையின் மூக்கு. துறைமுகத்தின் 150ஆம் ஆண்டான 2009இல் அதைப் பழைய வடிவத்தில் மீட்டு, சுற்றிலும் பூங்கா அமைத்தது நகராட்சி. யோகோஹாமாவில் கால் வைப்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நகரம் தொடங்கிய புள்ளி அது.

இரும்புத் துறையும் மதராசுக்கு ஒரு கடிதமும்

கப்பல் நேராக வந்து அணையும் துறையைத் திட்டமிட்டவர் ஹென்றி ஸ்பென்சர் பால்மர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். யோகோஹாமாவுக்குக் குழாய்க் குடிநீர் கொண்டுவந்தவரும் அவரே. மேற்கத்தியக் கடற்படைகளோடு நடந்த ஷிமோனோசெகி சண்டைக்காக ஜப்பானிடமிருந்து வாங்கிய இழப்பீட்டுத் தொகையை 1883இல் அமெரிக்கா திருப்பிக் கொடுத்திருந்தது. அந்தப் பணம் துறைமுகத்துக்குப் பயன்பட்டது. 1889இல் வேலை தொடங்கியது. நுனியில் திருகு அமைந்த இரும்புத் தூண்களைக் கடற்படுகையில் முறுக்கி இறக்கி, அவற்றின்மேல் தளம் போட்டார்கள். 1894இல் துறை முடிந்தபோது அதைப் பார்க்கப் பால்மர் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

அந்த 1893ஆம் ஆண்டு ஜூலையில், துறை வேலை நடந்துகொண்டிருந்தபோது, சிகாகோ சர்வசமயப் பேரவைக்குப் புறப்பட்ட சுவாமி விவேகானந்தர் யோகோஹாமாவில் தங்கினார். அளசிங்கப் பெருமாள் முதலான மதராஸ் சீடர்கள் வீடு வீடாகத் திரட்டிய பணம் அவருடைய பயணத்துக்கு உதவியது. ஜூலை 10ஆம் தேதி அந்தச் சீடர்களுக்கு யோகோஹாமாவிலிருந்து நீண்ட கடிதம் எழுதினார். ஜப்பானியரின் தூய்மையும் சுறுசுறுப்பும் அவரை ஈர்த்திருந்தன. இந்திய இளைஞர்கள் ஆண்டுதோறும் ஜப்பானை வந்து பார்க்க வேண்டும் என்பது அக்கடிதத்தின் வேண்டுகோள். அதன்பின் எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா கப்பலில் வான்கூவருக்குப் பயணமானார். ஜப்பானிலிருந்து புறப்பட்ட அந்தப் பயணத்தில் உடன் சென்றவர் ஜாம்ஷெட்ஜி டாடா. 1898இல் டாடா விவேகானந்தருக்கு எழுதிய கடிதம் இந்தக் கப்பல் பயணத்தை நினைவுகூர்ந்தே தொடங்குகிறது; ஓர் ஆராய்ச்சி நிறுவனம் அமைக்கும் தம் எண்ணத்தை அதில் அவர் சொல்கிறார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் அந்த எண்ணத்தின் பலன்.

1916இல் இரவீந்திரநாத் தாகூர் வந்தபோது இங்கே அவரை உபசரித்தவர் ஹாரா தோமிதாரோ என்ற பட்டு வணிகர். சங்கேயென் என்ற அவருடைய தோட்டத்தில் தாகூர் தங்கினார். பட்டில் சேர்த்த செல்வத்தால் நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய மாளிகைகளையும் கோபுரத்தையும் வாங்கி அங்கே நிறுத்தி, பொதுமக்களுக்கும் அதைத் திறந்துவிட்டவர் ஹாரா. துறைமுகத்தின் பணம் நகரத்துக்குத் திரும்பி வந்ததற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

நண்பகலுக்கு இரண்டு நிமிடம் முன்பு

1923 செப்டம்பர் 1. ஓசன்பாஷியில் எம்ப்ரஸ் ஆஃப் ஆஸ்திரேலியா கப்பல் நண்பகலில் புறப்படத் தயாராக நின்றிருந்தது. வழியனுப்ப வந்தவர்கள் துறையில் கூட்டமாக நின்றார்கள். கப்பலில் இருப்பவர் ஒரு முனையையும் கரையில் இருப்பவர் மறு முனையையும் பிடித்துக்கொள்ளும் வண்ணக் காகிதச் சுருள்கள் இடையே நீண்டிருந்தன. 11.58க்கு நிலம் அதிர்ந்தது. துறையின் தளம் அலைபோல் புரண்டு, பெரும்பகுதி ஆட்களோடு கடலுக்குள் சரிந்தது. கப்பலிலிருந்து கயிறுகளையும் ஏணிகளையும் இறக்கி, கைக்கு எட்டியவர்களை மேலே இழுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் நகரம் பற்றி எரிந்தது. கப்பல் விலக முடியவில்லை. பக்கத்துக் கப்பலின் நங்கூரச் சங்கிலி அதன் சுழல் விசிறியில் சிக்கியிருந்தது. தண்ணீரின்மேல் எரியும் எண்ணெய் நெருங்கி வந்தபோது டச்சு எண்ணெய்க் கப்பல் ஒன்று இழுத்துக் காப்பாற்றியது. அதன்பிறகு ஊரைவிட்டு ஓடாமல், நாள்கணக்கில் துறைமுகத்திலேயே நின்று ஆயிரக்கணக்கானோருக்கு அடைக்கலம் கொடுத்தார் எம்ப்ரஸின் கேப்டன் சாமுவேல் ராபின்சன்.

இடிந்துபோன நகரத்தின் செங்கல்லையும் கல்லையும் கரையோரக் கடலில் கொட்டினார்கள். அப்படி எழுந்த நிலம் 1930இல் யமாஷிதா பூங்காவாகத் திறக்கப்பட்டது. கடலைப் பார்த்து வரிசையாக இருக்கைகள், ரோஜாத் தோட்டம், நடைபாதை. அந்த இடிபாடுகளில் அன்று நகராட்சி கிடங்குகள் கட்டியிருக்கலாம், கேட்க ஆளிருந்திருக்காது. பூங்காவின் ஓர் ஓரத்தில் குவிமாடமும் உள்ளே வண்ணக் கற்கள் பதித்த கூரையுமாக ஒரு சிறிய மண்டபம் நிற்கிறது. இந்திய நீர்க்கோபுரம் என்று பெயர். பூகம்பத்தில் வீடும் கடையும் இழந்து கோபேக்குப் போன இந்திய வணிகர்களை, இருப்பிடத்துக்கு வழிசெய்து திரும்ப அழைத்துக்கொண்டது யோகோஹாமா. அதற்கு நன்றியாகவும், இறந்த தம் உறவினர்களின் நினைவாகவும் 1930களின் பிற்பகுதியில் இந்தியர்கள் கட்டிக்கொடுத்தது அது.

பூங்காவை ஒட்டியே நிற்கிறது ஹிகாவா மாரு. 1930இல் யோகோஹாமாவிலேயே கட்டி, சியாட்டிலுக்குப் போய்வந்த பயணிகள் கப்பல். மொத்தக் கொள்ளளவு 11,622 டன். முதல் வகுப்பின் உணவறையிலும் புகைபிடிக்கும் அறையிலும் பிரெஞ்சு வடிவமைப்பாளர் மார்க் சிமோன் செய்த அலங்காரம் இன்றும் கலையாமல் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் அடுக்குக் கட்டில்கள் போட்ட இறுக்கமான அறைகள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் அந்தக் காலத்துக் கடல் பயணம் புரிகிறது. சார்லி சாப்ளின் 1932இல் இந்தக் கப்பலில் பயணம் செய்தார். ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ 1938இல் நாடு திரும்பும் வழியில் இதிலேயே உயிர்நீத்தார். லித்துவேனியாவில் ஜப்பானியத் துணைத்தூதர் சுகிஹாரா கொடுத்த விசாவால் தப்பிய யூதர்களில் சிலரை அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுசேர்த்ததும் இதுவே. இரண்டாம் உலகப் போரில் மருத்துவக் கப்பலாக இருந்து மூழ்காமல் மீண்டு, 1960இல் ஓய்வுபெற்றது. 2016இல் அரசு இதை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

பூகம்பத்துக்குப் பிறகு திரும்பக் கட்டிய ஓசன்பாஷியைப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டது. 1952இல்தான் அது ஜப்பானின் கைக்கு வந்தது. பிழைப்புத் தேடிப் போனவர்களின் துறைமுகமாகவும் யோகோஹாமா நீண்ட காலம் இருந்தது. 1868இல் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கும் 1899இல் பெருவுக்கும் முதல் கூலித் தொழிலாளர்கள் இங்கிருந்துதான் போனார்கள். போருக்குப் பிறகு பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் பலர் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டதும் இங்கிருந்தே. 1960களில் சோவியத் துறைமுகமான நகோத்காவுக்குக் கப்பலில் போய், அங்கிருந்து ரயிலேறி ஐரோப்பாவை அடைவது குறைந்த செலவுப் பயணமாக இளைஞர்களிடம் பெயர்பெற்றது. டோக்கியோ ஒலிம்பிக்குக்காக 1964இல் ஒரு முனையமும் கட்டினார்கள். அதற்குள் ஜெட் விமானங்கள் வந்துவிட்டன. கடல்வழிப் பயணிகளின் காலம் ஏறக்குறைய முடிந்தது.

கப்பல் பட்டறை நகரமாகிறது

1965இல் மேயர் அசுகாதா இச்சியோ நகரத்தை மாற்றியமைக்க ஆறு பெருந்திட்டங்களை முன்வைத்தார். அவற்றை உருவாக்கியதில் பெரும்பங்கு நகரத் திட்டமிடுநர் தாமுரா அகிராவுடையது. பழைய நகர மையத்துக்கும் ரயில் நிலையப் பகுதிக்கும் இடையே மித்சுபிஷியின் கப்பல் கட்டும் தளமும் சரக்கு ரயில் நிலையமும் கடற்கரையை அடைத்துக்கொண்டிருந்தன. கப்பல் தளம் வேறிடம் போனதும், 1983இல் மினாதோ மிராய் 21 திட்டம் தொடங்கியது. கடலைத் தூர்த்த நிலத்தையும் சேர்த்து மொத்தம் 186 ஹெக்டேர்.

1993இல் திறந்த லேண்ட்மார்க் டவர் 70 மாடிகள், 296 மீட்டர். அமெரிக்கரான ஹ்யூ ஸ்டப்பின்ஸ் வடிவமைத்தது. 2014 வரை ஜப்பானின் மிக உயரமான கட்டடம். அதன் பக்கத்திலிருந்து கடலை நோக்கிக் கட்டடங்கள் படிப்படியாகத் தாழ்ந்து, விரித்த கப்பல் பாய் வடிவ ஹோட்டலில் முடிகின்றன. இந்த இறக்கம் விதி வகுத்து உண்டாக்கியது. வணிக வளாகங்கள் எந்த நாட்டிலும் இருப்பவை போலத்தான் இருக்கின்றன. அவற்றுக்காக யாரும் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. பார்க்க வேண்டியவை டவரின் காலடியில் இருக்கின்றன. 1890களில் கல்லால் கட்டிய உலர் துறையை இடிக்காமல், கல்லைக் கல்லாகப் பிரித்துத் திரும்ப அடுக்கி, தாழ்வான திறந்த முற்றமாக்கியிருக்கிறார்கள். கப்பலின் அடிவயிறு நின்ற பள்ளத்தில் இப்போது கச்சேரி நடக்கிறது. இன்னொரு உலர் துறையில் 1930இன் பாய்மரப் பயிற்சிக் கப்பலான நிப்பான் மாரு மிதக்கிறது. அங்கிருந்து பழைய சரக்கு ரயில் பாதை, தண்டவாளத்தோடும் இரும்புப் பாலங்களோடும், நடைபாதையாகச் சிவப்புச் செங்கல் கிடங்குகளுக்குப் போகிறது. 1911இலும் 1913இலும் சுங்கத் துறை கட்டிய இக்கிடங்குகளில் ஒன்றின் பாதியைப் பூகம்பம் தின்றது. எஞ்சியதைச் செப்பனிட்டு 2002இல் கடைகளுக்கும் அரங்குக்கும் விட்டார்கள். கப்பல் பயணிகளுக்காக டோக்கியோவிலிருந்து வந்த ரயிலின் நடைமேடையும் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது.

கூரையே பூங்கா

ஓசன்பாஷிக்குப் புதிய முனையம் வேண்டி 1994இல் நகராட்சி உலகளாவிய போட்டி அறிவித்தது. தோட்டமும் துறையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அதன் விருப்பம். 41 நாடுகளிலிருந்து 660 வடிவமைப்புகள் வந்தன. இசோசாகி அராதா, இதோ தோயோ, ரெம் கூல்ஹாஸ் போன்றோர் இருந்த நடுவர் குழு தேர்ந்தெடுத்தது, லண்டனில் சிறிய அலுவலகம் நடத்திக்கொண்டிருந்த இருவரை: ஈரானில் பிறந்த ஃபர்ஷித் மூசவி, ஸ்பெயினின் அலெஹாந்த்ரோ சயேரா போலோ. பெரிய கட்டடம் எதையும் அவர்கள் அதுவரை கட்டியிருக்கவில்லை.

நீளமான துறை ஒன்றில் நடப்பவர், கடைசி வரை போய், போன வழியே திரும்ப வேண்டும். இவர்கள் அதை மாற்ற நினைத்தார்கள். தரைத்தளத்தில் வாகன நிறுத்தம், அதன்மேல் குடிவரவு, சுங்கம், காத்திருக்கும் கூடம், அதற்கும் மேல் பூங்கா. இவை தனித்தனி மாடிகளாக இல்லாமல் சாய்தளங்களால் ஒன்றுக்குள் ஒன்று வழிந்தோடுகின்றன. சாலையிலிருந்து நடந்து வருபவர் எப்போது கூரைக்கு வந்தார் என்பதே அவருக்குத் தெரிவதில்லை. ஏறிய வழியைத் தவிர்த்து வேறு வழியில் இறங்கி வீடு திரும்பலாம்.

உள்ளே கூடத்தில் நடுத்தூண்கள் இல்லை. எஃகுத் தகடுகளைக் காகித மடிப்புபோல மடித்துக் கூரையாக்கி, நீளவாட்டில் ஓடும் பருத்த எஃகு உத்தரங்களில் தாங்கியிருக்கிறார்கள். அந்த உத்தரங்களே சாய்தளங்களையும் சுமக்கின்றன. வலிமை மடிப்பிலிருந்து வருவதால், பக்கவாட்டில் உலுக்கும் பூகம்ப விசையை அமைப்பு முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. கட்டமைப்பைச் செய்தவர் பொறியாளர் வாதானாபே குனியோ. மேலும் கீழும் இடமும் வலமும் வளைந்துகொண்டே போவதால், கட்டடத்தின் குறுக்குவெட்டு இடத்துக்கு இடம் மாறும். நெருங்கிய இடைவெளிகளில் ஒவ்வொரு வெட்டையும் கணினியில் தனியாக வரைந்தார்கள். கணினியில் பார்க்க அழகாக இருந்து காகிதத்தோடு நின்றுபோன எத்தனையோ வடிவங்கள் அந்தப் பத்தாண்டில் உண்டு. உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டம் யோகோஹாமாவுக்கு வந்த 2002இல் இது எஃகாகவும் மரமாகவும் நிமிர்ந்துவிட்டது.

கூரை முழுக்க பிரேசில் நாட்டு இப்பே மரப்பலகைகள். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம். உப்புக் காற்றிலும் மழையிலும் பழுப்பு நிறம் போய் வெளிறியிருக்கிறது. மேடும் பள்ளமுமாக விரியும் பலகைகளுக்கு நடுவே புல்தரைகள். திமிங்கிலத்தின் முதுகு என்று ஊர்க்காரர்கள் அழைக்கிறார்கள். இரவும் பகலும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. குழந்தைகள் சரிவில் உருள்கிறார்கள், முதியவர்கள் நடைப்பயிற்சி செய்கிறார்கள். கப்பலில் போகிறவர்களைவிடக் கடலைப் பார்க்க வருகிறவர்களுக்கே இந்தக் கூரை அதிகம் பயன்படுகிறது. கோடையில் நிழல் போதாது என்பது உண்மையான குறை. ஓரிடத்தில் நின்றால் மாகாண அரசு அலுவலகம் (1928), சுங்க மாளிகை (1934), துறைமுகத் திறப்பு நினைவு மண்டபம் (1917) ஆகிய மூன்றின் கோபுரங்களும் ஒருசேரத் தெரியும். ராஜா, ராணி, ஜாக் என்று அவற்றுக்குச் செல்லப்பெயர். அந்த இடத்தைத் தரையில் அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள்.

பாலமும் புதிய துறைகளும்

1989இல் துறைமுக வாயிலின் குறுக்கே எழுந்த பே பிரிட்ஜ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 55 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அன்றைய பெரிய பயணிகள் கப்பல்களுக்கு அது போதும். 2004இல் கடலுக்கு வந்த குயின் மேரி 2 போன்றவை அதன்கீழ் நுழைய முடியாது. ஆகவே பாலத்துக்கு வெளியே தாய்கோகு துறையில் 2019இல் ஒரு முனையம் திறந்தார்கள். சரக்கு லாரிகள் நடுவே அமைந்த அந்த முனையத்தில் ஓசன்பாஷியின் அழகு எதுவும் இல்லை. 2020 பிப்ரவரியில் 3,711 பேருடன் டைமண்ட் பிரின்சஸ் கப்பல் கொரோனாத் தொற்றோடு நின்றது அந்தத் துறையில்தான். 712 பேருக்குத் தொற்று உறுதியானது. கப்பலில் இருந்த இந்தியர்கள் 138 பேர், பெரும்பாலும் ஊழியர்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள்.

அதே 2019இல் செங்கல் கிடங்குகளுக்கு அருகே, 1914இல் நிறுவிய பிரிட்டிஷ் பாரந்தூக்கியை மையமாக வைத்து ஹாமர்ஹெட் முனையம் திறக்கப்பட்டது. பூகம்பத்தில் விழாமல் நின்ற இரும்பு அது. கடைகளும் ஹோட்டலும் உள்ள கட்டடம் பெரிதாகச் சொல்லும்படி இல்லை. பாரந்தூக்கியைக் காப்பாற்றியதற்காகப் பாராட்டலாம்.

யமாஷிதா பூங்காவின் கிழக்குப் பக்கத்தில், சுமார் 47 ஹெக்டேர் பரப்புள்ள யமாஷிதா சரக்குத் துறை படிப்படியாகக் காலியாகிவருகிறது. 2019இல் அங்கே சூதாட்ட விடுதியுடன் உல்லாச வளாகம் கட்ட நகராட்சி முனைந்தது. துறைமுகத் தொழிலின் மூத்த தலைவர் ஃபுஜிகி யுகியோ கடுமையாக எதிர்த்தார். 2021 ஆகஸ்ட் மேயர் தேர்தலில், திட்டத்தை எதிர்த்து நின்ற யமனாகா தாகேஹாரு வென்றார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. இந்த நிலத்தைக் கூறுபோட்டு உயரமான கட்டடங்களுக்குக் கொடுத்தால் நகராட்சிக்கு வருமானம் வரும். ஆனால் இது பழைய கரையை ஒட்டிய நிலம், மினாதோ மிராய் அல்ல. ஓசன்பாஷிக்கு நகராட்சி வைத்துக்கொண்ட உயர அளவையே இங்கேயும் வைக்க வேண்டும். நீர்விளிம்பு முழுவதையும் மக்களுக்கு விட்டுவிட வேண்டும்.